தெருவுக்குக் கேளாமல்

நாலு வெள்ளைக்காரப் பிள்ளைகள் வாத்தியப் பெட்டிகளோடு வான் வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அதே நேரத்தில் அக்கா படலையைத் திறந்து வெளியே போய்க்கொண்டிருந்தார்.

காலை வெயில் அப்போதே சுள்ளென்று அடித்தது. அக்கா பழைய வெள்ளைச் சேலையொன்றைச் சுற்றியிருந்தார். வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார், ஆனால் நிற்கவில்லை. செலோப் பெட்டியைச் சுமந்துகொண்டு நின்ற நெடிய பெடியன் யோரிஸ், வழியெல்லாம் பாடமாக்கிக்கொண்டு வந்த "வணக்கம் அக்கா"வைக் கைகூப்பிச் சொன்னான். அக்காவுக்கு அது கேட்கவில்லை.

"கனகலிங்கத்தார் விடியப்பறம் மோசம் போட்டாராம், தம்பி. பிள்ளையளுக்குச் சாப்பாட்டைக் குடு. பிரேதம் எடுக்கும்மட்டும் பாட்டும் இல்லை, மைக்கும் இல்லை."

இதை என்னிடம் சொல்லிவிட்டு இரண்டு வளவு தள்ளியிருந்த செத்தவீட்டுக்கு நடந்து போனார். மாதக்கணக்காக நான் ஒழுங்குசெய்த கச்சேரி, தொடங்க முதலே முடிந்தது.

போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியதை வாசித்த ஒருவர் தொலைபேசியில் அழைத்து, ஏன் ஐயா எப்போதும் களைத்துப்போன மாதிரியே எழுதுகிறீர்கள் என்று கேட்டார். களைத்துப்போனதால்தான். வேறு காரணம் இல்லை. இந்த வாரமும் அப்படித்தான் இருக்கும், விரும்பினால் சமையல் குறிப்புப் பக்கத்துக்குப் போகலாம்.

எந்தப் படத்துக்கு?

என் தொழிலை எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்துவதில் பாதி ஆயுள் போய்விட்டது.

நான் இசையமைப்பாளன். இந்தச் சொல்லைச் சொன்ன உடனேயே வில்லங்கம் தொடங்கிவிடும். வெளிநாட்டில் ஒரு கலியாண மண்டபத்தில், றோல்ஸைக் கடித்தபடி ஒருவர் கேட்டார், "எந்தப் படத்துக்கு மியூசிக் போட்டனீங்கள்?" ஒரு படத்துக்கும் இல்லை என்றேன். அவர் இரக்கப்பட்டு, "அப்ப வேலைக்கு எங்க போறனீங்கள்?" என்றார். பிறகு தன் மகளின் சாமத்தியச் சடங்குக்குக் கீபோட் வாசிக்க ஏலுமா என்று விசாரித்தார். நல்ல மனிதர். எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தார்.

நான் எழுதுவது மேற்கத்தைய செவ்வியல் இசை. வயலினும் செலோவும் வைத்துக்கொண்டு மண்டபத்தில் வாசிப்பார்களே, அது. செத்துப்போன மேதைகள் எழுதியதை அல்ல, உயிரோடிருக்கிற ஒருவன் இன்றைக்கு எழுதுவதை. உயிரோடிருப்பதுதான் அந்தத் தொழிலில் பெரிய குறை.

வெள்ளைக்காரருக்கு வேறு கோளாறு. தீவில் பிறந்தவன் என்று தெரிந்தால் போதும், நான் எழுதுகிற எல்லாவற்றிலும் அவர்களுக்குக் கடல் கேட்கும். ஒரு விமர்சகருக்குப் படகுகூடக் கேட்டது. புங்குடுதீவில் பிறந்தவன் என்பதற்காக நான் கடலைப் பற்றி ஒரு சுரமும் எழுதியதில்லை. கடல் எங்கள் வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்தது.

ஒருமுறை மட்டும்

இந்தத் தொழிலில் வெளியே தெரியாத ஒரு சங்கதி இருக்கிறது. புதிதாக எழுதியதை முதல்தடவை வாசிக்க எல்லாரும் ஓடி வருவார்கள். சுவரொட்டி அடிப்பார்கள், வைன் ஊற்றுவார்கள், தோளில் கைபோட்டுப் படம் எடுப்பார்கள். இரண்டாம் தடவை வாசிக்க ஒருவரும் வரமாட்டார்கள். முதல்தடவை என்பதில் இருக்கிற பெருமை இரண்டாம் தடவையில் இல்லை. அரங்கேற்றமும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் ஒரே நாளில் முடிந்துவிடும். தாள்கள் அலுமாரிக்குள் போகும், நான் அடுத்ததை எழுதத் தொடங்குவேன். இப்படியே தலை நரைத்தது.

அப்படி அலுமாரிக்குள் போனவற்றில் ஒன்று, நாலு வாத்தியங்களுக்கு நான் எழுதிய ஓர் இசை. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செலோ.

சண்டைக் காலத்தில் ஒரு பனிக்காலம் அதை எழுதினேன். தீவு முழுக்க இடம்பெயர்ந்துவிட்டது என்று மட்டும் செய்தி வந்தது. அக்காவும் அத்தானும் எங்கே என்று தெரியாது. தொலைபேசி இல்லை, கடிதம் இல்லை. ஹொலண்டில் ஓர் அறைக்குள் இருந்து மணி அடிக்காத தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த இசையின் நடுவில் நீண்ட மௌனம் ஒன்று வரும். நாலு பேரும் வில்லை நரம்புக்கு மேலே பிடித்தபடி காத்திருக்க வேண்டும். பிறகு ஒன்றாகத் தொடங்க வேண்டும். முதலும் கடைசியுமாக அதை வாசித்த அன்று, அந்த மௌனத்தில் ஒருவர் நன்றாக இருமினார். விமர்சனத்தில் கடல் வந்தது.

ஓய்வுபெற்று, மனைவியும் போன பிறகு, புங்குடுதீவில் எங்கள் ஊரான இறுப்பிட்டிக்கே திரும்பி வந்து அக்காவோடு இருக்கிறேன். அத்தான் முன்னமே போய்விட்டார். இரண்டு கிழடுகளும் ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டு காலத்தை ஓட்டுகிறோம்.

அப்போதுதான் யோரிஸ் அழைத்தான். நான் படிப்பித்த இசைப்பள்ளியில் படித்தவன். கொழும்பில் வாசிக்க வருகிறார்களாம், பள்ளி அலுமாரியில் கிடந்த அந்த இசையைக் கண்டுபிடித்துப் பழகி வைத்திருக்கிறார்களாம். உங்கள் தீவுக்கே வந்து ஒருநாள் வாசிக்கட்டுமா என்றான்.

அவன் சொல்லி முடிக்க முதலே ஓம் என்றேன்.

அக்கா கேட்ட பிழைகள்

எனக்கு இரண்டாம் தடவை வேண்டியிருந்தது உண்மை. ஆனால் அதைவிட, அக்கா கேட்க வேண்டும் என்றிருந்தது. அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது.

எங்கள் அப்பாவுக்குத் தெற்கில் ஒரு கரையோரப் பட்டினத்தில் கடை. சின்ன வயதில் நான் அவரோடு கடைக்கு மேலே இருந்த அறையில் வளர்ந்தேன். எதிர்வீட்டுப் பறங்கிச் சீமாட்டி பியானோ படிப்பித்தார். கல்லாப்பெட்டிக்குள் கைவிட்டு விளையாடுகிற என்னைக் கடையிலிருந்து துரத்துவதற்காக அப்பா அங்கே அனுப்பினார். அவருக்கு இசையில் அக்கறை இல்லை, என் தொல்லை ஒழிந்தால் சரி.

இனக்கலவரத்தில் கடை எரிந்தது. உடுத்த உடுப்போடு ஊர் வந்தோம். ஊரில் பியானோவுக்கு எங்கே போவது? ஊர்காவற்றுறையில் ஒரு தேவாலயத்தில் மிதித்து வாசிக்கிற பழைய ஓர்கன் இருந்தது. அங்கிருந்த சுவாமியார் என்னை வாசிக்க விட்டார். சைவக்குடும்பத்துப் பிள்ளை சேர்ச்சுக்குப் போகிறதா என்று அம்மா குதித்தார். அக்கா, தையல் படிக்கப் போகிறேன், துணைக்குத் தம்பி வரட்டும் என்று சொல்லி என்னைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போவார்.

உள்ளே நான் வாசிப்பேன். அக்கா வெளியே வெயிலில் மதிலோடு குந்தியிருப்பார். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப, பிழைவிட்டு, திருத்தி, மறுபடியும் பிழைவிட்டு. அக்கா ஒருநாளும் சலிப்புக் காட்டவில்லை. தையல் மட்டும் கடைசிவரைக்கும் பழகவில்லை.

அதன் பிறகு நான் ஹொலண்டுக்குப் படிக்கவென்று போய் அங்கேயே தங்கிவிட்டேன். அனுப்பிய இசைத்தட்டுகள் சண்டைக்குள் எங்கேயோ போய்விட்டன. சண்டையின்போது கிணற்றடியில் ஷெல் விழுந்து அக்காவின் இடது காது போய்விட்டது. வலது காதும் வயதோடு போய்க்கொண்டிருக்கிறது. ஏதாவது கேட்க வைப்பதென்றால் கெதியில் செய்யுங்கோ என்று யாழ்ப்பாணத்து டொக்டர் சொல்லியிருந்தார்.

ஊருக்கு வந்த புதிதில் ஒருநாள் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தபோது அக்கா பகிடியாகச் சொன்னார், "உன்ர பாட்டெண்டு நான் கேட்டதெல்லாம் உன்ர பிழையள்தான்."

பகிடிதான். எனக்கு அது அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்கவிடவில்லை.

இரண்டு பெட்டி ஸ்பீக்கர்

ஆகவே வாசிகசாலை மண்டபத்தில் கச்சேரி என்று முடிவாயிற்று. என் இசைக்கு மைக் வைக்க வாழ்நாளில் நான் சம்மதித்ததில்லை, சண்டை பிடித்திருக்கிறேன். இந்தத் தடவை நானே போய்ப் பெரிய ஸ்பீக்கர் பெட்டி இரண்டு பிடித்து, அக்காவின் கதிரைக்கு வலப்பக்கமாக வைக்கச் சொன்னேன். அக்காவுக்குக் கேட்டால் போதும், மற்றவர்களின் காது என்ன பாடுபட்டாலும் பரவாயில்லை என்ற நிலைக்கு வந்திருந்தேன். காதுக்குள் வைக்கிற மெசினும் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். கீச்சிடுது என்று சொல்லி அக்கா அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

கனகலிங்கத்தார் அக்காவின் வயதுக்காரர். கச்சேரி என்று அறிந்த நாளிலிருந்து படலையடியில் நின்று, வெள்ளைக்காரர் எப்ப வருகினம், வேட்டி கட்டுவினமோ என்று என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார். கச்சேரி அன்றைக்குப் பார்த்துப் போய்ச் சேர்ந்தார்.

எங்கள் பக்கத்தில் பிரேதம் கிடக்கும்போது அயலில் பாட்டு, மைக், விசேஷம் எதுவும் வைப்பதில்லை. செத்தவீட்டு மேளம் வேறு, அது பிரேதம் எடுக்கிற அன்றைக்கு. முன்பென்றால் அன்றன்றே எடுத்துவிடுவார்கள். இப்போது பிள்ளைகள் கனடாவிலிருந்து வந்து சேர வேண்டும். கனகலிங்கத்தாரின் மகன் வர இன்னும் இரண்டு நாள். யோரிஸும் கூட்டாளிகளும் அன்று பின்னேரமே கொழும்புக்குத் திரும்ப வேண்டும், மறுநாள் பிளேன்.

வாசிகசாலைத் தலைவர் வந்து, குறை நினைக்காதேங்கோ அண்ணை என்று தலையைச் சொறிந்தார். குறை நினைக்க என்ன இருக்கிறது? ஸ்பீக்கர் பெட்டிகளை லான்ட்மாஸ்டர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மண்கும்பான் கடற்கரையில் வைக்கலாமே, அது வேறு ஊர்தானே என்று தலைவர் ஒரு யோசனை சொன்னார். கடற்கரையில் வாசித்தால் அந்த விமர்சகர்களுக்கு நல்ல சந்தோஷமாக இருந்திருக்கும். ஆனால் அக்கா செத்தவீட்டை விட்டு மண்கும்பானுக்கு வரமாட்டார். அக்கா இல்லாமல் அங்கே வாசித்து ஆருக்கு?

நண்டுக்கறி தருவதாகப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தேன். அயலில் பிரேதம் கிடக்க மீன் நண்டு ஆகாதென்று அக்கா அதற்கும் தடை போட்டுவிட்டுத்தான் போயிருந்தார். பூசணிக்காய்க் கறியும் பருப்பும் சாப்பிட்டார்கள். குசினியில் வாளிக்குள் நண்டுகள் கறகறவென்று ஊர்ந்துகொண்டிருந்தன. அன்றைக்கு அதிர்ஷ்டம் அவற்றுக்குத்தான்.

சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு யோரிஸ் தன் பையிலிருந்து தடித்த றப்பர் கட்டை ஒன்றை எடுத்துக் காட்டினான். ஹோட்டல் அறைகளில் பழகும்போது பக்கத்து அறைக்காரர் வந்து கதவைத் தட்டாமல் இருக்க, நரம்புகளைத் தாங்குகிற குதிரையில் இதை மாட்டிவிடுவார்கள். சத்தம் அறையைத் தாண்டாது. நாலு பேரிடமும் இருக்கிறதாம். அறைக்குள் இருந்து இப்படி வாசித்தால் மரியாதைக்குறைவாக இருக்குமா என்று கேட்டான்.

எனக்குத் தெரியவில்லை. அக்காவிடம்தான் கேட்க வேண்டும்.

செத்தவீட்டு வாசலில்

கனகலிங்கத்தாரைக் கும்பிட்டுவிட்டு, பெண்கள் இருந்த பக்கமாகப் போய் அக்காவின் வலது காதுக்குக் கிட்டக் குனிந்தேன். மெல்லச் சொன்னேன். என்ன என்றார். இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். "என்னடா?" என்றார்.

வேறு வழியில்லை. பிரேதம் கிடக்கிற வீட்டில், அழுகைச் சத்தத்துக்கு மேலால் கத்தினேன், "அவை சத்தமில்லாமல் வாசிப்பினமாம்!"

அழுகை நின்றுவிட்டது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நிலம் பிளந்து உள்ளே போய்விட்டால் நல்லது போலிருந்தது.

"சத்தமில்லாமல் வாசிக்கிறதெண்டால் பிறகென்னத்துக்கு வாசிக்கிறது?" என்றார் அக்கா, தன்னுடைய வழக்கமான பெரிய குரலில். மூலையில் ஒருத்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். அவள் அழுததாகவே வைத்துக்கொள்வோம்.

நான் திரும்பி நடக்கப் பார்த்தேன். அப்போதுதான் கனகலிங்கத்தாரின் மனைவி தங்கம்மாக்கா அக்காவைப் பார்த்து வாய் திறந்தார். அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது.

"இவரும் உந்தக் கச்சேரிக்கெண்டுதான் நேற்றே சேட்டை மினுக்கிக் கொழுவி வைச்சவர். அங்க பார், கிடக்குது. நீ போட்டு வா பரமேசு. தெருவுக்குக் கேளாட்டில் சரி."

சுவரில், ஆணியில், நீலக்கோடு போட்ட சேட் ஒன்று இஸ்திரி மடிப்புக் குலையாமல் தொங்கியது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அந்த மனிதர் செத்தது உறைத்தது. அதுவரைக்கும் அவர் என் கச்சேரியைக் குழப்பிய ஆளாகத்தான் இருந்தார்.

அக்கா கொஞ்ச நேரம் தங்கம்மாக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். பிறகு எழும்பினார்.

அறைக்குள்

செத்தவீட்டால் வந்தவர் குளிக்காமல் வீட்டுக்குள் வரமாட்டார். கிணற்றடியில் தலை முழுகி, ஈரத்தலையோடு வந்து கதிரையில் இருந்தார். காது மெசினைத் தேடி எடுத்தோம். பற்றறி செத்திருந்தது.

கட்டிலை நிமிர்த்திச் சுவரோடு சாத்தி, யன்னல்களைப் பூட்டி, சத்தம் போடுகிற மின்விசிறியையும் நிற்பாட்டினோம். செலோவின் கூர்க்கால் சீமெந்து நிலத்தில் வழுக்கியது. யோரிஸ் என் றப்பர் செருப்பில் ஒன்றை அதன் கீழே வைத்தான். நாலு பேருக்கும் வியர்வை ஊற்றியது.

வாசிக்கத் தொடங்கினார்கள். பூட்டிய குசினிக்குள் ஆரோ குசுகுசுத்துக் கதைக்கிற மாதிரி இருந்தது. வெளியே ஒரு காகம் கத்தியது, அது இதைவிடச் சத்தம்.

ஆனால் எனக்கு எல்லாம் கேட்டது. முதல்தடவை வாசித்தபோது பதகளிப்பில் எனக்கு இருமலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. இப்போதுதான் கேட்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று நினைத்தேன். சந்தோஷமாக இருந்தது.

பிறகு அக்காவைப் பார்த்தேன். வலது காதைத் திருப்பி, நெற்றியைச் சுருக்கி, முன்னால் சாய்ந்திருந்தார். டொக்டர் சொல்வதைப் பிடிக்கப் பார்க்கிறபோது அப்படித்தான் சாய்வார். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. வில்லுகள் போய்வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். என் சந்தோஷம் போன இடம் தெரியவில்லை. வெளியே எழும்பிப் போய்விடலாமா என்றிருந்தது.

கொஞ்சத்தில் அக்கா காதைக் கொடுப்பதை விட்டுவிட்டார். நிமிர்ந்து இருந்து, நாலு பேரையும் மாறி மாறிப் பார்க்கத் தொடங்கினார்.

மௌனம் வந்தது. வில்லுகள் நின்றன. ஒருவரும் இருமவில்லை. அந்த நேரத்தில் மட்டும் அறையிலிருந்த எல்லாருக்கும் அக்காவுக்குக் கேட்ட அளவுதான் கேட்டது. பிறகு நாலு பேரும் ஒன்றாகத் தொடங்கினார்கள். முடியும்வரை வாசித்தார்கள்.

கை தட்டக் கூடாது என்பதால் நான் தலையாட்டினேன். யோரிஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அக்கா என்ன சொல்கிறார் என்று கேட்டான்.

"எனக்கு ஒண்டும் கேக்கேல்லைத் தம்பி," என்றார் அக்கா. பொய் சொல்லத் தெரியாத மனுசி. "நடுவில ஒருக்கா எல்லாரும் பேசாமல் நிண்டதுகள். பாவம், எவ்வளவு நேரம் நிண்டதுகள். பிறகு நாலும் ஒண்டாய் மூச்சை இழுத்ததுகள். அதைக் கண்டனான். அதையோ நீ எழுதினனி?"

"ஓம் அக்கா. அதைத்தான்."

விமர்சகர்களில் ஒருவரும் அந்த மூச்சைப் பற்றி எழுதியதில்லை. நான்கூட அதை எங்கேயும் குறித்து வைத்ததில்லை. காத்திருந்து காத்திருந்து தொடங்குகிற எவருக்கும் அது தானாக வரும்.

அக்கா ஈரத்தலையைக் கோதியபடி எழும்பினார். திரும்பச் செத்தவீட்டுக்குப் போக வேண்டுமே. வாசலில் நின்று சொன்னார், "முப்பத்தொண்டு முடிய வரச்சொல்லு. அப்ப மைக் போடலாம். இண்டைக்கு ஒத்திகை பாத்ததெண்டு வைப்பம்."

யோரிஸுக்கு மொழிபெயர்த்தேன். அவன் சிரித்துக்கொண்டு தொலைபேசியை எடுத்து, அடுத்த வருடத்துத் திகதிகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். சிரிப்புக் குறைந்துகொண்டே போனது. கடைசியில், முயற்சி செய்கிறோம் என்றான். அவர்களின் ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். அக்காவிடம், வருவினமாம் என்றேன்.

இப்போது

கனகலிங்கத்தாரின் அந்தியேட்டி எப்போதோ முடிந்துவிட்டது. பிள்ளைகள் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், இரண்டாம் தடவை வாசித்ததே பெரிய காரியம். தங்கம்மாக்கா பின்னேரங்களில் அக்காவோடு கதைக்க வருவார். எப்பவாம் வருகினம் என்று இரண்டு பேருமாகக் கேட்பார்கள். அலுப்பாகத்தான் இருக்கிறது. அக்காவின் காதுக்கு வாங்கிய புதுப் பற்றறியும் அலுமாரிக்குள்தான் கிடக்கிறது.

போன கிழமை அந்தத் தாள்களை எடுத்து மேசையில் விரித்தேன். வாழ்க்கை முழுக்க மெதுவாக வாசிக்கிற இசை எழுதியவன் நான். அடங்கி வாசிக்க, இன்னும் அடங்கி வாசிக்க என்று தாள் முழுக்க எழுதி வைத்திருக்கிறேன். மௌனத்துக்குப் பிறகு வருகிற முதல் இடத்தில் அந்தக் குறியை அழித்துவிட்டுச் சத்தத்தைக் கூட்டினேன்.

அக்கா குசினியிலிருந்து வந்து, என்ன செய்கிறாய் என்று கேட்டார். காதுக்குக் கிட்டப் போய்ச் சொன்னேன், உனக்குக் கேட்கவேண்டும் என்று ஓர் இடத்தில் கூட்டியிருக்கிறேன்.

அக்கா தாளைப் பார்த்தார். அவருக்கு அதில் ஒன்றும் விளங்காது. ஆனாலும் நல்லாகப் பார்த்தார்.

"ஓரிடத்தில மட்டும் ஏன்? எல்லா இடத்திலயும் கூட்டு."

கூட்டிக்கொண்டிருக்கிறேன்.